அரக்கு உடையாத பெட்டி

எங்கள் தெருவில் யார் வீட்டுத் துணி எப்போது துவைக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஊருக்கே துவைத்துப் போடுகிற சலவைக்கடை தெருமுனையில் இருக்கும்போது இதிலெல்லாம் ரகசியம் என்ன வேண்டிக்கிடக்கிறது? வியாழக்கிழமை காலையில் சலவைக்கடை அக்கா ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை வேறு எந்தத் துணியோடும் சேர்க்காமல் தனியாக மெஷினில் போடுவாள். அதுவும் முன்பக்கம் வட்டக் கண்ணாடி வைத்த பெரிய மெஷினில். அந்தப் பெரிய வயிற்றுக்குள் இரண்டே இரண்டு கையுறைகள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தால், யாரோ உள்ளேயிருந்து கையாட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

"இதுக்குப் போய் இவ்வளவு தண்ணியா?" என்று யாராவது கேட்டால், "என் தம்பியோடது. இந்த ஊரையே தூக்கிட்டுப் போற கை அது" என்பாள் அக்கா.

தம்பி நகரப் பதிவகத்தில் காப்புப் பிரதிப் பிரிவின் அலுவலர். நீளமான பதவி. தெருவில் பெட்டித் தம்பி என்றால் போதும்.

பதிவகம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யார் பிறந்தார், யார் போய்ச் சேர்ந்தார், யார் யாரைக் கட்டினார், யார் யாரை விட்டார், எந்த வீடு யாருடையது, இதெல்லாம் அங்கே ஒரு கணினிக்குள் இருக்கும். அந்தக் கணினிக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊரே அம்போ. அதனால் வாரா வாரம் உள்ளே இருப்பதை ஒரு காந்த நாடாவில் நகல் எடுத்து நிலவறையில் வைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. நாடா சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். அதற்கு ஓர் இரும்புப் பெட்டி. பெட்டியின் வாயில் சிவப்பு அரக்கு முத்திரை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மணி அடிக்கும். அதற்குப் பெட்டி நேரம் என்று பெயர். கவுன்ட்டர்கள் மூடிக்கொள்ளும். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எழுந்திருக்காதவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள்; முழங்கால் வலிக்காரர், கைக்குழந்தைக்காரி என்றெல்லாம் பார்ப்பதில்லை. துணை இயக்குநர் முன்னால் வருவார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கையுறையோடு பெட்டித் தம்பி, இரண்டு கையிலும் பெட்டியை ஏந்தி, பிறந்த குழந்தையைத் தூக்கி வருகிற தாய்மாமன் மாதிரி வருவான். அவனுக்குப் பின்னால் பூதக்கண்ணாடியோடு அரக்கு ஆய்வாளர். அரக்கு ஆய்வாளர் என்று ஒரு பதவி இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. இருக்கிறது. அவருக்கு ஓர் உதவியாளரும் இருக்கிறார்.

நிலவறையிலிருந்து மேலே கணினி அறைக்குப் போகும் பெட்டி. கொஞ்ச நேரம் அங்கே இருக்கும். பிறகு அதே ஊர்வலத்தோடு கீழே இறங்கும். வாசலில் ஒரு பலகை: 'அரக்கு உடையாமல் இத்தனையாவது வாரம்'. எண்ணை வாரா வாரம் மாற்றுவார்கள். அந்த எண்ணுக்காகவே பதிவகத்துக்கு மூன்று கேடயம் கிடைத்திருக்கிறது. அரக்கு உடையாமல் பெட்டிக்குள் நகல் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. படித்தவர்கள் செய்கிற காரியம். கம்பி இல்லாமல் பேச்சே போகிற காலத்தில் நகல் போகாதா என்ன.

அக்காவின் கதைக்கு வருகிறேன். அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். மாடிப்படி ஏறும்போது விசில் அடித்துக்கொண்டே வருவதால் விசில் என்று பெயர். வேலைவெட்டி கிடையாது. அக்கா ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கடையின் இரண்டு மெஷினில் ஒன்றைத் தூக்கி விற்றுவிட்டு, புது மெஷின் வரப்போகிறது என்று சொல்லி அதற்கும் விசில் அடித்தவன். அக்கா கோர்ட்டுக்குப் போனாள். விவாகரத்து ஆனது. கீழே கடையும் மேலே வீடும் அவளுக்கே என்று தீர்ப்பானது. அன்றைக்குப் பெட்டித் தம்பிதான் விசிலின் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி, நடுத்தெருவில் வைத்து, "மாமா, இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க" என்றான். தெருவே ஜன்னலில் நின்று கேட்டது. விசில் அன்றைக்கு மட்டும் விசில் அடிக்காமல் போனான்.

தீர்ப்புக் காகிதத்தை அக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். சில வருடம் கழித்துப் பதிவகம் காகிதமில்லா நகரம் என்று ஒன்றை ஆரம்பித்தது. தம்பி சாக்குப் பையோடு வந்து நின்றான்.

"அக்கா, அந்த விவாகரத்துக் காகிதத்தைக் குடு."

"எதுக்குடா? அது பாட்டுக்கு அலமாரியில கிடக்கு."

"கரையான் அரிக்கும். தண்ணி படும். எங்க கிட்ட இருந்தா உன் பேத்தியோட பேத்தி காலம் வரைக்கும் இருக்கும். கணினியில ஏத்தினதும் காகிதத்தைக் கிழிச்சுடணும்னு விதி. உண்மை ரெண்டு இடத்துல இருந்தா குழப்பம்தானே."

"வாரா வாரம் பெட்டியில போட்டு வைக்கிறது நீதானே?"

"நான்தான்."

"அப்ப சரி. எடுத்துட்டுப் போ."

இதில் கவனிக்க வேண்டியது, அக்கா கணினியை நம்பவில்லை. பதிவகத்தையும் நம்பவில்லை. கையுறையை நம்பினாள்.

போன மாதம் அக்காவின் மகளுக்கு வேலை கிடைத்தது. கடையையும் வீட்டையும் இப்போதே அவள் பேருக்கு எழுதி வைத்துவிடலாம் என்று அக்கா பதிவகத்துக்குப் போனாள். வீடு அவளுடையது என்று ஒரு சான்று எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கவுன்ட்டர் பெண் அக்காவின் பெயரைத் தட்டினாள். திரை ஒரு முறை கண் சிமிட்டியது. மேல் மாடியில் எதுவோ முனகியது. பிறகு கட்டடம் முழுக்க ஒரே அமைதி.

"போச்சு," என்றாள் கவுன்ட்டர் பெண்.

"என்னம்மா போச்சு?"

"எல்லாந்தான். உங்க பேரைத் தட்டினேன், போச்சு."

"ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலையே."

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க. ஆனா அறிக்கைன்னு ஒண்ணு எழுதினா அதுல யாராவது ஒருத்தர் இருக்கணும்ல."

அறிக்கையில் 'சலவைக்கடைப் பெண்மணியின் முன்னிலையில் கணினி உயிர்நீத்தது' என்று எழுதினார்கள். அன்று மாலையே தெருவில் இரண்டு பேர் அக்காவிடம் துக்கம் விசாரித்தார்கள். ஒருவர் மட்டும், தன் கால்சட்டையை அவள் கையில் கொடுக்கலாமா என்று யோசித்துவிட்டு வீட்டுக்கே திருப்பி எடுத்துப் போனார்.

மறுநாள் போனபோது கவுன்ட்டர் பெண் அன்பாகத்தான் சொன்னாள். "நேத்து வரைக்கும் நீங்க இருந்தீங்க. இப்போதைக்கு நீங்க யாரும் இல்லை. பயப்படாதீங்க, நானும் இல்லை."

ஊரில் யாருமே யாருமில்லாமல் போனோம். நடைபாதையில் எச்சில் துப்பிய ஒருவரைப் போலீஸ்காரர் பிடித்து, இன்னார் என்று எழுத முடியாமல், இருவருமாக டீ குடித்துவிட்டுப் பிரிந்தார்கள்.

ஆனால் பதிவகத்தில் கவலை இல்லை. பெட்டி இருக்கிறதே. இயக்குநர் வாசலில் நின்று அறிவித்தார். "இயந்திரம் அழியும். நகல் அழியாது. புது இயந்திரம் வாங்குவோம். நகலை அதில் ஏற்றுவோம். நகரம் எழுந்து உட்காரும்."

புது இயந்திரம் லாரியில் வந்தது. கூடவே அதை விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் பெண். பண்டகக் காப்பாளர் கதவைப் பாதி திறந்து நின்றார்.

"உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. வெறும் மெஷின். இயங்குதளம்கூட இனிமேதான் போடணும். அப்படித்தான் வரும்."

"ஒண்ணுமில்லாததை நான் எப்படிங்க வரவு வெக்கிறது?"

"அது ஒண்ணுமில்லாம இருந்தாத்தான் உங்களோடதை ஏத்த முடியும்."

"நாளைக்கு ஆடிட்டர் வந்து உள்ளே இருந்தது எங்கேன்னு கேட்டா?"

நியாயமான கேள்வி. உடனே வெறுமை ஆய்வுக் குழு அமைத்தார்கள். குழுவினர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்கள். இருவர் வெறுமை என்றார்கள். மூன்றாமவர் ஒரு மூலையில் தூசி இருப்பதைச் சுட்டிக்காட்டி மாற்றுக் கருத்து எழுதினார். தூசியைத் துடைக்கத் தனி உத்தரவு வாங்கி, துடைத்து, 'முழுமையாக வெறுமையாக உள்ளது' என்று சான்று கொடுத்த பிறகுதான் இயந்திரம் லாரியைவிட்டு இறங்கியது. அதுவரை லாரி எங்கள் தெருவில்தான் நின்றது. அக்கா ஓட்டுநரின் சட்டையைத் துவைத்துக் கொடுத்தாள்.

அடுத்து, நகலை ஏற்றும் வழிமுறை எங்கே என்று தேடினார்கள். அது செத்துப்போன கணினிக்குள் பத்திரமாக இருந்தது. அதன் நகல் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பெட்டியை எப்படித் திறப்பது என்பது அந்த வழிமுறையின் முதல் பக்கத்தில் இருந்தது.

"வழிமுறை வேண்டாங்க, எனக்குத் தெரியும். நாடாவை மட்டும் எடுத்துக் குடுங்க," என்றாள் பொறியாளர்.

"எடுப்பதென்றால்?" என்றார் இயக்குநர்.

"அரக்கை உடைச்சு."

அரக்கு ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உதவியாளர் தண்ணீர் கொடுத்தார்.

கடைசியில் அதை ஒரு விழாவாகவே நடத்துவது என்று முடிவானது. துக்கமும் விழாவும் கலந்த மாதிரி. முன் வரிசையில் நாற்காலி, பின்னால் நாங்கள். அக்கா நடுவில், மகளோடு. மேடையில் புது இயந்திரம், இறந்துபோன இயந்திரத்தின் புகைப்படம், நடுவே பெட்டி. பெட்டித் தம்பியின் கையுறை அன்றைக்குக் கண்ணைக் கூச வைத்தது. அக்கா இரண்டு தரம் துவைத்திருந்தாள்.

இயக்குநர் பேசினார். "ஒரு நகலின் பெருமை, அது பயன்படாமலே இருப்பதில்தான் இருக்கிறது. இன்று அதைப் பயன்படுத்த வேண்டிய துர்பாக்கியம் நமக்கு. வேறு ஊர்களில் நகலைத் திறந்து திறந்து சோதித்துப் பார்க்கிறார்களாம். எடுத்தது சரியாக இருக்கிறதா, திரும்ப ஏறுகிறதா என்று ஒத்திகை பார்க்கிறார்களாம். நம்பிக்கை இல்லாதவர்கள். நான் பெருமையோடு சொல்வேன், இந்தப் பதிவகத்தில் ஒருமுறைகூட, யாரும், எதையும் சோதித்ததில்லை."

கைதட்டினார்கள். சின்னச் சுத்தியலால் அரக்கைத் தட்டினார்கள். வாசல் பலகையின் எண்ணைச் சுழியத்துக்குத் திருப்பியபோது துணை இயக்குநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொறியாளர் வெகுநேரம் தட்டச்சு செய்தாள். இடையில் கொஞ்சம் தடங்கல். பழைய இயந்திரத்தில் எடுத்தது புது இயந்திரத்தில் அப்படியே உட்காராதாம். "பழைய வீட்டுக்காரர் புது வீட்டுக்குக் குடிவந்த மாதிரி. சுவிட்ச் எங்கே, குழாய் எங்கேன்னு தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கணும்," என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அப்புறம் திரையில் ஒரு பட்டை மெல்ல மெல்ல நிறைந்தது. நூறு என்று வந்தது. எழுந்து நின்றோம்.

"எனக்கு ஏத்திக் குடுக்கிறதுதான் வேலை," என்று பொறியாளர் பையை மூடினாள். "என்ன ஏறியிருக்குன்னு நீங்க பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"பார்த்தால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும்," என்று சொல்லி இயக்குநர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

அக்காவின் சான்று மறுநாள் கிடைத்தது. கணவர் பெயர்: விசிலின் பெயர். வீட்டின் உரிமையாளர்: விசில். கடையின் உரிமையாளர்: விசில். மகள்: மூன்றாம் வகுப்பு.

"இது பழசும்மா," என்றாள் அக்கா.

"இல்லைங்க. இது நேத்து ஏத்தினது," என்றாள் கவுன்ட்டர் பெண்.

அக்காவோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மருந்துக்கடைக்காரரின் மாமனார் செத்துப்போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பாடைக்குப் பின்னால் நடந்திருக்கிறோம். அவரை ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்டு இன்னொன்று. இருபது வயதைத் தாண்டிய அக்காவின் மகளைத் தொடக்கப்பள்ளியில் காணவில்லை என்று ஓர் அம்மா விசாரிக்க வந்து, வாசலில் அவளையே பார்த்து, "வீட்டில பெரியவங்க இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஓய்வு பெற்றுப் போயிருந்த பழைய இயக்குநர் வீட்டுச் செருப்போடு வந்து தன் நாற்காலியைக் கேட்டார். இப்போதைய இயக்குநர் கணினியின்படி இளநிலை எழுத்தர். அன்று பிற்பகலே ஒரு சுற்றறிக்கை வந்தது: பதிவக ஊழியர்களின் விவரங்களை மட்டும் கையால் திருத்திக்கொள்ளலாம், பொதுமக்கள் விஷயத்தில் கணினி சொல்வதே இறுதி.

விசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். அதே சூட்கேஸ். மாடிப்படியில் அதே விசில்.

"எங்கே வந்தே?" என்றாள் அக்கா, கையில் சூடான இஸ்திரிப் பெட்டியோடு.

"நானா வரலை. பதிவகம் அனுப்பியிருக்கு. உனக்கப்புறம் ஒருத்தியைக் கட்டினேனே, அவளை நான் கட்டினது பதிவிலேயே இல்லையாம். யாரோ ஒரு ஆம்பளை எதுக்கு என் வீட்டுலன்னு பூட்டிட்டா. இனி சட்டப்படி நான் எங்கே போவேன், நீயே சொல்லு."

"நான் சொல்ற இடத்துக்குப் போவியா?"

"என் பேர்ல இருக்கிற வீட்டுக்குப் போறேன்," என்று மேலே போனான். ஒருவேளை அவனிடம் ஒரு துளி வெட்கம் இருந்திருக்கலாம். விசிலில் அது கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பெட்டித் தம்பி கடைக்கு வந்தான். உள்ளே பேசியது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. சுற்று முடிந்து மெஷின் நின்ற பிறகும் அவன் அதே குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"அக்கா, உன் கிட்ட மட்டும் சொல்றேன். நாடாவுல மொதல் வாரம் எடுத்ததுதான் இருக்கு."

"மத்த வாரமெல்லாம்?"

"பழைய இயக்குநர் ஒரு உத்தரவு போட்டார். அரக்கு உடைஞ்சா விசாரணைன்னு. நாடாவை வெளியே எடுக்காம எப்படி நகல் எடுக்கிறது? கேட்கப் பயம். அதனால பெட்டியைக் கொண்டுபோய்க் கணினி மேல வெப்போம். நகல் எடுக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். அப்புறம் எடுத்துட்டு வந்துடுவோம்."

"மேல வெச்சா உள்ளே போயிடுமா?"

"போகாது."

"தெரிஞ்சேதான் தூக்கினியா?"

"நான் மட்டுமா? துணை இயக்குநருக்குத் தெரியும். ஆய்வாளருக்குத் தெரியும். எல்லாரும் பெட்டியைக் கொண்டுபோனோம், கொண்டுவந்தோம்னுதான் கையெழுத்துப் போட்டோம். அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

அக்கா ஈரத்துணியை எடுத்து உதறும் சத்தம் மட்டும் கேட்டது. "வாரா வாரம் உன் கையுறையைத் தனியாத் துவைச்சேன்டா," என்றாள்.

"அக்கா, குறைகேட்பு வைக்கிறாங்க. நீ மனு குடு. ஆனா அங்கே பெட்டி விஷயத்தை எடுக்காதே. எடுத்தா என் வேலை போயிடும், பிள்ளைங்க இருக்கு. நீ அதை மட்டும் விட்டுடு. உன் விவாகரத்து நடந்துச்சு, அந்த ஆளை நானே கொண்டுபோய் விட்டேன்னு நான் எழுந்து நின்னு சொல்றேன். சொந்தத் தம்பி, அதுவும் பதிவக அலுவலர். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"சொல்லுவியா?"

"உன் தலை மேல சத்தியமா."

குறைகேட்பு நாளன்று கூடத்தில் தெருவே இருந்தது. எல்லோர் கையிலும் மனு. மேசைக்குப் பின்னால் இயக்குநர், துணை இயக்குநர், அரக்கு ஆய்வாளர். சுவர் ஓரமாகக் கையுறையோடு பெட்டித் தம்பி.

அக்கா எழுந்து சொன்னாள். கல்யாணம், விற்றுப்போன மெஷின், கோர்ட்டு, தீர்ப்பு. பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தீர்ப்பின் நகல் இருக்கிறதா?" என்றார் இயக்குநர்.

"உங்க கிட்டதான் குடுத்தேன். கிழிச்சுட்டீங்க."

"விதிப்படி கிழித்திருப்போம். கோர்ட்டில் கேட்டீர்களா?"

"கேட்டேன். அவங்களும் உங்க கணினியைப் பார்த்துத்தான் சொல்லுவாங்களாம்."

"சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்." இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "அம்மா, எங்களுக்கும் மனசு உண்டு. மனிதர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கட்டுகிறார்கள், விடுகிறார்கள், சாகிறார்கள். இந்த ஊரில் மாறாமல் இருப்பது எங்கள் நகல் ஒன்றுதான். மாறாததைப் போய் மாறுவதற்கேற்ப மாற்றச் சொன்னால், பிறகு பதிவகம் எதற்கு?"

"எனக்குச் சாட்சி இருக்குங்க. என் தம்பி. அதோ நிக்கிறான்."

இயக்குநர் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. "தம்பி, ஒன்று யோசித்துப் பதில் சொல்லுங்கள். உங்கள் அக்கா சொல்வது உண்மை என்றால் கணினி தவறு. கணினி தவறு என்றால் நாடா தவறு. நாடா தவறு என்றால், இத்தனை வருடமும் நீங்கள் எதைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள்?"

துணை இயக்குநர் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். அரக்கு ஆய்வாளர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். கூடத்தில் யாரோ இருமத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுடா," என்றாள் அக்கா மெதுவாக. "சூட்கேஸைத் தூக்கிட்டு இறங்கினியே, அதைச் சொல்லு. அது போதும்."

பெட்டித் தம்பி தன் கையுறையைப் பார்த்தான். "அக்காவுக்கும் மாமாவுக்கும் கொஞ்சம் மனஸ்தாபம் இருந்துச்சுங்க. குடும்பத்துல சகஜம்தானே. விவாகரத்து வரைக்கும் போச்சுன்னு எனக்கு நினைவில்லை." தொண்டையைச் செருமிக்கொண்டான். "பெட்டி சரியாத்தான் இருந்துச்சு. அரக்கு உடையலை."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடமும் அவளைப் பார்த்தது. இப்போது பெட்டி விஷயத்தை எடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தோம். எடுக்கவில்லை. அவன் சத்தியத்தை மீறினான், அவள் அவனுக்கு ஒப்புக்கொண்டதை மீறவில்லை. நாங்கள் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். தெரிந்த வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோர் மனுவும் அதே மேசையில்தான் இருந்தது.

"குடும்ப விஷயம் சுமுகமாக முடிந்ததில் மகிழ்ச்சி," என்றார் இயக்குநர். "அடுத்தவர்."

மகள் வேலை பார்க்கும் ஊருக்குப் போய்விட்டாள். மனைவி என்ற முறையில் மேலே வந்து இருக்கச் சொல்லி விசில் கூப்பிட்டான். அக்கா கடையிலேயே ஒரு மூலையில் கட்டில் போட்டுக்கொண்டாள். பெட்டித் தம்பிக்குப் பதவி உயர்வு வந்தது. முதுநிலைப் பெட்டி அலுவலர். புது அரக்கு, புதுப் பலகை. முதல் வாரம் என்று எழுதத் தயாராக வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை அவன் கடைக்கு வந்தான். கையுறையை மேசையில் வைத்தான். விரல் நுனியில் சிவப்புக் கறை.

"அக்கா, நாளைக்குப் பெரிய விழா. கொஞ்சம் பளிச்சுன்னு..."

அக்கா கையுறைகளை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டாள். தீர்ப்புக் காகிதம் இருந்த பழைய உறை அது, இத்தனை நாளும் அலமாரியில் புடவைக்கு நடுவில் வெறுமையாகக் கிடந்தது. மெழுகுவர்த்தியைக் கொளுத்தி உறையின் வாயில் சொட்டுச் சொட்டாக ஊற்றி ஒட்டினாள். ஊர்க்காரர்களின் படுக்கை விரிப்புகளை மெஷினுக்குள் திணித்து ஓட விட்டாள். உறையைத் தூக்கி மெஷின் மேல் வைத்தாள்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். ஊறல் முடிந்தது, அலசல் முடிந்தது, பிழியும்போது உறை மெஷின் மேல் நடுங்கியது. மாடியில் விசில் சத்தம். மெஷின் நின்றதும் அக்கா உறையை இரண்டு கையாலும் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"ஆச்சு."

"உள்ளேயே போடலையே அக்கா."

"முழு நேரமும் மெஷின் மேலதான் இருந்துச்சு. நீயும் பார்த்துட்டுதான் இருந்தே. ஒட்டினது உடையலை, சரிபார்த்துக்கோ."

அவன் எழுந்து அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பழக்கம். தெருவில் இறங்கி நடக்கும்போதும் அப்படியேதான் ஏந்திக்கொண்டு போனான். உறையைப் பிரிக்கவில்லை.

மறுநாள் அவன் கையுறை இல்லாமல் வெறுங்கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மணி அடித்தது. வரிசை முழுக்க எழுந்து நின்றது. புது மனுவோடு வந்திருந்த அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கடைசிக்கு அனுப்பினார்கள். போய், அங்கேயும் உட்கார்ந்துகொண்டாள்.